17 முதல் 22 வரை: திருமலைப் பொடியன் உதைபந்தாட்டத்தைத் தொழிலாக்கும்போது

கிண்ணியா, மூதூர், பாலையூற்று, உப்புவெளி என்று எந்தப் பக்கம் போனாலும், 16 வயதில் பந்தைக் காலோடு ஒட்டவைத்து ஓடும் பொடியன்மாருக்குத் திருமலையில், அதாவது திருகோணமலையில், பஞ்சமில்லை. 22 வயதில் அவர்களில் எத்தனை பேர் உதைபந்தாட்டத்தால் சம்பளம் வாங்குகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் கை விரல்களே அதிகம். இடைப்பட்ட ஐந்தாறு வருடத்தில் கால் வித்தை எங்கும் போய்விடுவதில்லை. ஆடக் கிடைக்கும் நிமிடங்கள் குறைகின்றன, உடம்பை யாரும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை, காகிதத்தை யாரும் வாசிப்பதில்லை. இந்தப் பதிவு அந்த மூன்றையும் பற்றியது. வீரருக்கு மட்டுமில்லை, பெற்றோருக்கும் ஊர்க் கழகச் செயலாளருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறோம்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவின் விதிப்படி தொழில்முறை வீரர் என்றால் இரண்டு நிபந்தனை: கழகத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும், ஆட்டத்துக்காக அவர் செய்யும் செலவை விடக் கூடுதலாக அவருக்குப் பணம் கிடைக்க வேண்டும். பஸ் காசு, ஒரு சோடி பூட்ஸ், மட்ச் முடிய கையில் வைக்கும் ஆயிரம் ரூபாய், இவற்றை வைத்துக்கொண்டு 'நான் புரபெஷனல்' என்று சொல்ல முடியாது. கழகம் வாயால் எவ்வளவு வாக்குக் கொடுத்தாலும், எழுத்து இல்லையென்றால் நீங்கள் அமெச்சூர்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 17 வயதில் அமெச்சூராக நிறைய ஆடுவது பல நேரம் நல்லது. ஆனால் எந்த நிலையில் நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டு நிற்க வேண்டும்.

இலங்கையில் தொழில்முறை லீக் என்ற பெயரோடு சூப்பர் லீக் தொடங்கியது 2021இல். முதல் பருவக் கிண்ணத்தை புளூ ஸ்டார் கழகம் எடுத்தது. அதற்கு முன் நாட்டின் மேல்மட்டப் போட்டி சம்பியன்ஸ் லீக். பிறகு 2023 ஜனவரியில் பீபா இலங்கையை இடைநிறுத்தி, ஓகஸ்ட் கடைசியில்தான் தடையை நீக்கியது. இதை நினைவுபடுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் லீக் எப்போது தொடங்கும், எத்தனை மாதம் ஓடும், நடுவில் நிற்குமா என்பதெல்லாம் வீரரின் கையில் இல்லை. ஆகவே திருமலைப் பொடியன் கொழும்புக் கழகமொன்றில் கையெழுத்து வைக்கும்போது, லீக் தள்ளிப்போனால் சம்பளம் என்னாகும் என்ற கேள்விதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். நடைமுறையில் அதைக் கடைசியில்கூட யாரும் கேட்பதில்லை.

பதிவு என்ற சின்ன வேலை

ஊர்க் கழகங்களில் 12, 13 வயதுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வருடக்கணக்கில் பயிற்சி கொடுப்பார்கள். அவர்களை உள்ளூர் லீக் ஊடாக நாட்டின் உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் ஒழுங்காகப் பதிவதில்லை. ஒரு சுற்றுப்போட்டி வரும்போது அவசர அவசரமாகப் படிவம் நிரப்புவார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, கழகப் படிவத்தில் மூன்றாவது எழுத்து. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் இந்தக் குழப்பம், பிறகு கடவுச்சீட்டு எடுக்கும்போதும் வெளிநாட்டுப் பதிவின்போதும் மாதக்கணக்கில் இழுக்கும். 15 வயதிலேயே ஒரே எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து எல்லாப் பத்திரத்திலும் அதையே வையுங்கள்.

பதிவு ஏன் கழகத்துக்கும் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. ஒப்பந்தம் முடிவதற்கு முன் ஒரு வீரர் பணத்துக்கு வெளிநாட்டுக் கழகத்துக்கு மாறினால், அந்தத் தொகையில் 5 வீதம் அவரை வளர்த்த கழகங்களுக்குப் பிரிக்கப்பட வேண்டும். 12 முதல் 15 வயது வரையான ஒவ்வொரு பருவத்துக்கும் அந்த 5 வீதத்தில் இருபதில் ஒரு பங்கு. 16 முதல் 23 வரை ஒவ்வொரு பருவத்துக்கும் பத்தில் ஒரு பங்கு. மாற்றுத்தொகை 10 இலட்சம் என்று வையுங்கள். பிரிக்க வேண்டியது 50,000. 12 வயதுப் பருவத்திலிருந்து 17 வயதுப் பருவம் வரை ஒரே ஊர்க் கழகத்தில் பதிவாகியிருந்தால், முதல் நான்கு பருவத்துக்கு 2,500 வீதம் 10,000. அடுத்த இரண்டுக்கு 5,000 வீதம் 10,000. மொத்தம் 20,000 ரூபாய். பெரிய காசில்லைத்தான். இருபது பந்துக்கும் காணாது. ஆனால் பதிவே இல்லாத கழகத்துக்கு அதுவும் கிடையாது. வீரரின் பதிவு வரலாறு எந்தெந்தக் கழகத்தின் பெயரைக் காட்டுகிறதோ, அவற்றுக்குத்தான் உரிமை.

இன்னொரு விதி பலரை மாட்டிவிடும். ஒரு பருவத்தில் ஒரு வீரர் கூடியது மூன்று கழகங்களில் பதியலாம். ஆனால் உத்தியோகபூர்வ மட்ச் ஆடக்கூடியது இரண்டுக்குத்தான். 'ஒரு மட்ச் மட்டும் வந்து ஆடிவிட்டுப் போ தம்பி' என்று தெரிந்த அண்ணன் யாரும் கூப்பிட்டுப் பெயரை எழுதிவிட்டால், அந்த ஒரு மட்ச் உங்கள் கணக்கில் ஏறிவிடும். பிறகு நல்ல இடம் வரும்போது கதவு சாத்தியிருக்கும்.

எந்தக் கழகம்?

எங்கள் பதில் எப்போதும் ஒன்றுதான்: ஆடவைக்கும் கழகம். 18, 19 வயதில் பெரிய பெயருள்ள அணியில் மாற்று வீரராக உட்கார்ந்து மட்ச் பார்ப்பதை விட, கீழ்ப் பிரிவில் ஒவ்வொரு கிழமையும் 90 நிமிடம் ஆடுவது மேல். பயிற்சியில் எவ்வளவு ஓடினாலும், 75ஆவது நிமிடத்தில் கால் கனக்கும்போது எடுக்கும் முடிவை மட்ச் மட்டும்தான் பழக்கும். ஒரு பருவத்தில் 900 நிமிடத்துக்குக் கீழே, அதாவது முழு மட்ச் பத்துக்குக் கீழே போனால், அந்த வருடம் வளர்ச்சிக்கு உதவவில்லை என்றே நாங்கள் எடுத்துக்கொள்வோம். இரண்டு வருடம் தொடர்ந்து அப்படிப் போனால் இடம் மாற வேண்டும். கோல் காப்பாளருக்கு மட்டும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் தளர்த்தலாம். அந்த இடத்தில் வீரர்கள் பிந்தித்தான் முதிர்கிறார்கள், இடமும் அணிக்கு ஒன்றுதான்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை: என் இடத்தில் இப்போது யார் ஆடுகிறார், அவருக்கு வயது என்ன, அவருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது? கோச் யார், அவர் அடுத்த பருவமும் இருப்பாரா? போன பருவம் 20 வயதுக்குக் கீழ்ப்பட்ட எத்தனை பேரை முதல் பதினொருவரில் இறக்கினார்கள்? மூன்றாவது கேள்விக்குக் கழகம் சொல்லும் பதிலை நம்பிவிடாமல், பழைய மட்ச் விபரங்களைத் தேடிப் பாருங்கள். இப்போது இணையத்தில் அணிப் பட்டியல்கள் கிடைக்கின்றன.

தெரிவுப் பயிற்சிக்குப் போகும்போது

திருமலையில் இருந்து கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். இரவு ரயிலில் ஏறி, விடியக் கோட்டையில் இறங்கி, நேரே மைதானத்துக்குப் போவது நம் ஆட்களின் வழக்கம். நித்திரை இல்லாத உடம்பு முதலில் இழப்பது முடிவெடுக்கும் வேகத்தை. ஓட்டம் கடைசியில்தான் குறையும். அதனால் பொடியனுக்குத் தான் நன்றாக ஓடியதாகத் தோன்றும். பார்க்கிறவருக்கு அவன் எல்லாப் பந்துக்கும் அரைச் செக்கன் பிந்துவது தெரியும். ஒரு நாள் முந்திப் போய் உறவினர் வீட்டில் தங்குங்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு மாமா, சித்தி இல்லாத திருமலைக் குடும்பம் அபூர்வம்.

தெரிவாளர் பார்ப்பது எதை? மூன்று பேரை வெட்டிப் போவதை அல்ல. அதை எல்லோரும் செய்து காட்டத் துடிப்பார்கள். பந்து வருவதற்கு முன் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கிறானா, முதல் தொடுகை பந்தை எந்தப் பக்கம் கொண்டுபோகிறது, பந்தைப் பறிகொடுத்த அடுத்த மூன்று செக்கனில் என்ன செய்கிறான், பக்கத்தில் நிற்பவனுக்குக் குரல் கொடுக்கிறானா. இந்த நாலும் சரியென்றால் மிச்சத்தைப் பிறகு பார்ப்பார்கள். 'எந்த இடத்திலும் ஆடுவேன் சேர்' என்ற பதிலைத் தவிர்த்து, ஒரு முதல் இடம், ஒரு இரண்டாம் இடம் என்று சொல்லுங்கள்.

குரல் என்றதும் மொழி. தெற்குக் கழகங்களின் மைதானத்தில் பேச்சு சிங்களமும் ஆங்கிலமும் கலந்துதான் ஓடும். பின்னால் ஆள் வருகிறான் என்று 'எனவா' என்றோ, 'பிட்டிபஸ்ஸே' என்றோ ஒருவர் கத்தும்போது அது என்னவென்று யோசித்துக்கொண்டு நின்றால் பந்து போய்விடும். நூறு இருநூறு சிங்களச் சொல் போதும். ஆனால் அவை நினைக்காமலே வர வேண்டும். தமிழ்ப் பொடியன்மார் பலர் கொழும்பில் 'அமைதியானவன்' என்று பெயர் வாங்குவது குணத்தால் இல்லை, இந்த ஒரு குறையால்தான். அமைதியான நடுப் பின்கள வீரரை எந்தக் கோச்சும் விரும்பமாட்டார்.

காணொளி அனுப்பச் சொன்னால் மூன்று, நான்கு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதல் அரை நிமிடத்திலேயே உங்கள் தரம் தெரிய வேண்டும். ஒவ்வொரு காட்சியும் தொடங்கும்போது நீங்கள் யார் என்று வட்டமிட்டுக் காட்டுங்கள். கோல்களை மட்டும் அடுக்காமல் பந்தைப் பறித்த இடம், பந்தில்லாமல் ஓடிய இடம் எல்லாம் வரட்டும். பாட்டு வேண்டாம். கூடவே ஒரு முழு மட்ச்சின் இணைப்பையும் கொடுங்கள். அக்கறையுள்ள கோச் அதைத்தான் பார்ப்பார். நடுக்கோட்டுக்கு நேரே, உயரமான இடத்திலிருந்து எடுத்த படம்தான் உதவும். கோட்டோரத்தில் நின்று போனில் எடுத்தால் அருகில் நிற்பவரின் முதுகுதான் தெரியும்.

தரை, வெயில், மணல்

நம் மாவட்டத்தின் நிலைமை இரண்டு. ஒக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை வாடைக்காற்று மழை. மைதானத்தில் தண்ணீர் நிற்கும். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று. புல் கருகித் தரை கல்லாகிவிடும். ஏகாம்பரம் மைதானமானாலும் மெக்கெய்சர் மைதானமானாலும் இதிலிருந்து தப்பாது. காய்ந்த தரையில் நீளமான ஆணியுள்ள பூட்ஸோடு ஆடினால் ஆணி மண்ணுக்குள் இறங்காது. முழுப் பாரமும் உள்ளங்காலில் சில புள்ளிகளில் குத்தும். குதிக்கால் வலி, முன்காலெலும்பு வலி எல்லாம் அங்கே தொடங்கும். அந்த மாதங்களில் குட்டை இறப்பர் முளைகள் நெருக்கமாக உள்ள பூட்ஸைப் பயிற்சிக்குப் போடுங்கள். செயற்கைப் புல்லில் ஆடப் போனால் அதற்கென்று செய்த பூட்ஸ்; நீள ஆணி செயற்கைப் புல்லில் மாட்டிக்கொண்டால் பாதம் நிற்கும், முழங்கால் மட்டும் திரும்பும்.

கடற்கரை ஓட்டத்தைப் பற்றி நம் ஊரில் ஒரு பெரிய நம்பிக்கை. மணலில் ஓடினால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். மெத்தென்ற மணலில் ஓட, கெட்டித் தரையை விட ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி செலவாகும்; அது உண்மை. மூட்டுக்கு அடி குறைவு; அதுவும் உண்மை. ஆனால் பாதம் மணலில் புதைந்து எழும்பும் நேரம் அதிகம் என்பதால் அது வேக ஓட்டத்துக்குப் பயிற்சியே இல்லை. வெறுங்காலோடு திடீரென்று அரை மணித்தியாலம் ஓடினால் குதிநரம்பு இழுபடும். கிழமைக்கு ஒரு நாள், 15 நிமிடம், நனைந்த இறுகிய மணலில் என்று தொடங்கினால் போதும். உச்ச வேக ஓட்டத்தைத் தரையில்தான் செய்ய வேண்டும்: நன்றாகச் சூடாக்கிய பிறகு 20, 30 மீற்றர், நாலைந்து முறை, ஒவ்வொன்றுக்கும் இடையில் முழு ஓய்வு, கிழமைக்கு இரண்டு நாள். தொடைப் பின்தசை கிழிவது பெரும்பாலும் உச்ச வேகத்துக்குப் பழகாத கால் மட்ச்சில் திடீரென்று அந்த வேகத்தைத் தொடும்போதுதான்.

அதே தசைக்கு நோர்டிக் பயிற்சி என்று ஒன்று உண்டு. முழங்காலில் நின்று, ஒருவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடம்பை நேராக வைத்துக்கொண்டு மெதுவாக முன்னால் சாய்வது. காயங்களைப் பாதியளவாகக் குறைக்கும் என்று ஆய்வுகளில் வந்த பயிற்சி இது. காசும் வேண்டாம். ஆனால் முதல் கிழமை ஒரே நாள், 5 தடவை வீதம் இரண்டு சுற்று. இரண்டாம் கிழமை இரண்டு நாள், 6 தடவை வீதம் இரண்டு சுற்று. அதற்குப் பிறகு படிப்படியாக மூன்று சுற்று, 8 முதல் 12 தடவை. முதல் நாளே முப்பது செய்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படி இறங்க முடியாமல், 'இது நமக்குச் சரிவராது' என்று விட்டவர்கள்தான் அதிகம். மட்ச்சுக்கு முந்தின நாள் செய்ய வேண்டாம்.

சூடாக்கலுக்குப் பீபா 11+ என்ற 20 நிமிடத் திட்டம் இலவசமாகவே கிடைக்கிறது: 8 நிமிட ஓட்டம், 10 நிமிடம் பலமும் சமநிலையும், 2 நிமிட வேக ஓட்டம். மைதானத்தைச் சுற்றி இரண்டு சுற்று ஓடி, நின்று காலை இழுத்துவிட்டு மட்ச்சுக்கு இறங்குவதை இன்னும் எத்தனை கழகம் தொடரப்போகிறதோ தெரியவில்லை. ஜிம் போகும் பொடியன்மாருக்கும் ஒரு சொல்: நெஞ்சும் கையும் சேர்ட்டுக்கு அழகு, உங்களுக்குத் தேவை தொடை, பின்தசை, கவட்டுத் தசை, கெண்டைக்கால். மழைக்காலம் மூன்று மாதத்தையும் இதற்கு ஒதுக்கினால் மைதானம் இல்லாத குறை பெரிதாகத் தெரியாது.

வெயிலுக்கு எளிய கணக்கு தராசுதான். பயிற்சிக்கு முன்னும் பின்னும் உள்ளாடையோடு நிறை பாருங்கள். 70 கிலோ ஆள் 1.4 கிலோ குறைந்திருந்தால் அது 2 வீதம். அந்த அளவிலிருந்து ஆட்டம் தளரத் தொடங்கும். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் அடுத்த சில மணித்தியாலத்தில் ஒன்றரை லீற்றர் குடிக்க வேண்டும், ஒரேயடியாக அல்ல. வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. செவ்விளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்புச் சேர்க்க வேண்டும். உடுப்பில் வெள்ளையாக உப்புப் படிகிறவர்கள் ஜீவனி என்ற நீரிழப்பு உப்புக் கரைசல் பக்கற்றை ஒரு லீற்றரில் கரைத்து வைத்துக்கொள்ளலாம். அரை லீற்றரில் கரைத்தால் பலம் கூடும் என்று நினைக்க வேண்டாம், வயிறுதான் கலங்கும்.

சாப்பாட்டில் மட்ச்சுக்கு மூன்று, நான்கு மணித்தியாலம் முந்தி, உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 3 கிராம் மாப்பொருள். அவித்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் இருக்கிறது. 65 கிலோ பொடியனுக்கு 350 கிராம் சோறு, கொஞ்சம் மீன், அதிகம் தேங்காய்ப்பால் இல்லாத கறி, வாழைப்பழம் என்றால் சரி. தேங்காய்ப்பூ நிறையப் போட்ட புட்டும் பொரியலும் மட்ச் நாளில் வேண்டாம். கொழுப்பு வயிற்றை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். புரதம் நாளுக்குக் கிலோவுக்கு 1.6 முதல் 2.2 கிராம். சமைத்த மீன் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல், ஒரு முட்டையில் 6 கிராம். திருமலையில் மீன் தின்று வளரும் பிள்ளைக்குப் புரத மா டப்பா வாங்கக் கடன்படத் தேவையில்லை. தெரியாத டப்பாக்களில் தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருந்தால், 'எனக்குத் தெரியாது' என்பது ஊக்கமருந்து விசாரணையில் காப்பாற்றாது; உடம்பில் இருந்தால் பொறுப்பு வீரருடையது.

நோன்பு மாதத்தில் கிண்ணியா, மூதூர் வீரர்கள் பயிற்சியை விட்டுவிடத் தேவையில்லை, நேரத்தை மாற்றினால் போதும். இலேசான பந்து வேலை நோன்பு திறப்பதற்கு முந்திய முக்கால் மணித்தியாலத்தில். கடுமையான ஓட்டமும் பலப் பயிற்சியும் தராவீஹ் என்ற இரவுத் தொழுகைக்குப் பிறகு. விடியுமுன் சாப்பிடும் ஸஹரில் முட்டையோ மீனோ தயிரோ கட்டாயம் இருக்கட்டும். கழகம் தெற்கில் என்றால், மாதம் தொடங்குவதற்கு முந்தியே கோச்சிடம் பேசிவிடுங்கள். நடுவில் மயங்கி விழுந்த பிறகு பேசினால் அது சாக்காகத் தோன்றும்.

ஒப்பந்தம்

18 வயதுக்குக் குறைந்தவரின் ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு மேல் போகக்கூடாது. மற்றவர்களுக்குக் கூடியது ஐந்து. குறைந்த காலம், தொடங்கும் நாளிலிருந்து அந்தப் பருவம் முடியும் வரை. ஐந்து வருடம் தருகிறோம் என்றால் குடும்பம் குளிர்ந்துவிடும். எங்கள் அபிப்பிராயத்தில் 18, 19 வயதுக்கு இரண்டு வருடம் சரி. நன்றாக ஆடினால் விலை கூடும். ஆடக் கிடைக்காவிட்டால் வெளியேற வழி இருக்கும்.

'மருத்துவப் பரிசோதனையில் தேறினால் மட்டுமே இந்த ஒப்பந்தம் செல்லும்' என்று எழுதுவது பீபா விதிக்கு முரண். பரிசோதனையைக் கையெழுத்துக்கு முந்தியே செய்ய வேண்டும். அந்தப் பரிசோதனையில் ஈ.சி.ஜி. இருக்கிறதா என்று பாருங்கள். கழகம் எடுக்காவிட்டால் நீங்களே எடுங்கள். குடும்பத்தில் இளவயதில் திடீரென்று இறந்தவர் யாரும் இருந்தால் வைத்தியரிடம் மறைக்க வேண்டாம்.

சம்பளம் எவ்வளவு, எந்தத் திகதியில், எந்த வங்கிக் கணக்கில் என்று எழுத்தில் இருக்க வேண்டும். கையில் காசாகத் தந்தால் நாளைக்கு நிரூபிக்க முடியாது. வெற்றிக்கான ஊக்கத்தொகை, தங்குமிடம், சாப்பாடு, ஊருக்கு வந்துபோகும் செலவு எல்லாம் தனித்தனியாக. ஊழியராக எடுப்பதாயின் சேமலாப நிதிக்கு உங்கள் பக்கம் 8 வீதம், கழகத்தின் பக்கம் 12 வீதம், நம்பிக்கை நிதியத்துக்குக் கழகம் மட்டும் 3 வீதம். பேசிய சம்பளம் இந்தக் கழிவுக்கு முந்தியதா பிந்தியதா என்று கேளுங்கள்.

காயம் பற்றிய பந்திதான் ஒப்பந்தத்தின் உயிர். முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் அறுந்தால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு குறைந்தது ஒன்பது மாதம். அதற்கு முந்தி இறங்கினால் மீண்டும் அறும் ஆபத்து மிக அதிகம். அந்த ஒன்பது மாதச் சம்பளம் யார் தருவது, ஸ்கேனும் சத்திரசிகிச்சையும் யார் செலவு, பிசியோவுக்கு யார் பணம்? ஒன்றும் எழுதாவிட்டால் எல்லாம் அப்பாவின் செலவு. இதோடு சேர்ந்தது ஊர்ச் சுற்றுப்போட்டி. ஒப்பந்தத்தில் இருக்கும் வீரர் விடுமுறைக்கு வந்து ஞாபகார்த்தக் கிண்ணத்தில் ஊர்க் கழகத்துக்காக ஒரு மட்ச் ஆடுவார். மின்வெளிச்சத்தில் ஏழு பேர் ஆட்டமும் ஆடுவார். அங்கே கால் போனால் கழகம் கையை விரிக்கும், சட்டப்படி அது பிழையுமில்லை. ஊராரின் மனம் நோகாமல் மறுக்க வேண்டுமென்றால் பரிசளிப்புக்குப் போய் நில்லுங்கள், பூட்ஸைக் கொண்டுபோகாதீர்கள்.

சம்பளம் வராவிட்டால்? பீபா விதியில் இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானதும், எழுத்தில் அறிவித்து, குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து, அதற்குப் பிறகும் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முடிக்கலாம். இதே வாசகத்தை உள்ளூர் ஒப்பந்தத்திலும் ஒரு பந்தியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பயிற்சிக்குப் போகாமல் நிற்பது, முகநூலில் எழுதுவது இரண்டும் உங்களையே குற்றவாளியாக்கும். பதிவுத் தபால், மின்னஞ்சல், வட்சப் செய்தி எல்லாவற்றையும் சேமித்து வைத்துக்கொண்டு பயிற்சிக்குத் தொடர்ந்து போங்கள்.

பத்திரம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். கையெழுத்துக்கு இரண்டு நாள் அவகாசம் கேட்டு, சட்டத்தரணி ஒருவரிடம் தமிழில் விளக்கம் கேளுங்கள். 18 வயது ஆகாவிட்டால் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். எல்லாப் பக்கமும் கையெழுத்தான ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். 'பிறகு அனுப்புகிறோம்' என்று சொல்லும் பிரதி வந்து சேருவதில்லை.

ஏஜென்டும் வெளிநாடும்

பணம் கட்டித் தெரிவுப் பயிற்சிக்கு அழைக்கும் எவரையும் நம்ப வேண்டாம். பீபா அனுமதிப்பத்திரம் உள்ள முகவர்களின் பெயர்கள் பீபாவின் இணையத்தளத்தில் இருக்கின்றன. பெயர் அங்கே இல்லையென்றால் பேச்சை அத்தோடு முடித்துவிடலாம். இருந்தாலும் வீரரோடு அவர் செய்யும் ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு மேல் போகக்கூடாது, தானாகவே நீளவும் கூடாது. வயது குறைந்த பிள்ளையோடு பேச வேண்டுமென்றால் முதலில் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்.

18 வயதுக்கு முந்தி வெளிநாட்டுக் கழகத்துக்கு மாறுவதைப் பீபா பொதுவாகத் தடுக்கிறது. உள்ள சில விதிவிலக்குகள் நம் பிள்ளைகளுக்கு அநேகமாகப் பொருந்தாது. 'ஐரோப்பிய அக்கடமி' என்று 16 வயதுப் பிள்ளைக்குக் காசு கேட்பவரிடம் இந்த ஒரு விதியைச் சொன்னால் போதும். 18க்குப் பிறகு போவதென்றால் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் நம் நாட்டுச் சம்மேளனத்திலிருந்து அந்த நாட்டுச் சம்மேளனத்துக்குப் போக வேண்டும், வேலை விசா வேண்டும். சுற்றுலா விசாவில் போய் ஆடுவது அகப்படும் வரைதான். நம் வீரர்களுக்குப் பழக்கப்பட்ட வழி மாலைதீவு. தேசிய அணிக் கோல் காப்பாளர் சுஜான் பெரேரா அங்கே ஆடியவர். எதிர்த்திசையில், பேர்லினில் பிறந்து வளர்ந்த வசீம் ராசிக் இலங்கை அணிக்கு ஆடினார். தேசிய அணி இடத்துக்குப் போட்டி இப்போது கொழும்பிலிருந்து மட்டும் வருவதில்லை.

படையணிக் கழகங்களையும் சொல்லாமல் விட முடியாது. கடற்படைத் தளம் கண்முன் இருக்கும் ஊர் இது. கடற்படை, தரைப்படை, விமானப்படை, பொலிஸ் நான்கும் வீரர்களை வேலையோடு எடுக்கின்றன: மாதச் சம்பளம் தவறாது, காயத்துக்கு வைத்தியம் உண்டு, ஆட்டம் முடிந்த பிறகும் வேலை இருக்கும். விலையும் உண்டு. சேவைக்காலம் முடியும் வரை நினைத்த கழகத்துக்கு மாற முடியாது. அந்த உடுப்பைப் பற்றித் திருமலையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நினைவு. அதில் நாங்கள் தலையிடவில்லை. தொழிலாக மட்டும் பார்த்தால், 24 வயதாகியும் நிலையான ஒப்பந்தம் கிடைக்காதவருக்கு அது நல்ல வழி. 18 வயதில் வெளிநாட்டுக் கனவு உள்ளவருக்கு இறுக்கமான வழி. உயர்தரப் பரீட்சையை முடித்துவிட்டுப் போனால் எந்த வழியிலும் பேரம் பேச இடமிருக்கும்.

ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வேறு கழகத்தோடு பேசி அடுத்த பருவத்துக்குக் கையெழுத்திடலாம். பேச வரும் கழகம் இப்போதைய கழகத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பலர் கடைசி மாதம் வரை காத்திருந்து, பதிவுக் காலம் மூடிய பிறகு அலைகிறார்கள். ஒன்றும் சரிவராமல் ஊர்க் கழகத்துக்கே திரும்பி அமெச்சூராக ஆட நினைத்தால், தொழில்முறை வீரராக ஆடிய கடைசி மட்ச்சிலிருந்து குறைந்தது 30 நாள் கழிய வேண்டும். அதற்குள் பெயரைக் கொடுத்தால் ஊர் அணியின் மட்ச் முடிவே ஆட்சேபணைக்குள் போகும். செயலாளர் அந்தத் திகதியைப் படிவத்தின் மூலையில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.